1989-க்கு முன் திருமணமான மகளுக்கு அப்பா வாங்கிய நிலத்தில் பங்கு உண்டா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் என் தந்தை 1984-இல் தம் சம்பாத்தியத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கினார். 2016-இல் உயில் எழுதாமல் காலமானார். தாய் இருக்கிறார், எனக்கு இரண்டு அண்ணன்கள். 1987-இல் எனக்குத் திருமணமானது. ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் அந்த நிலத்திலிருந்து இரண்டு மூட்டை நெல் என் வீட்டுக்கு வந்துவிடும். 2023-இல் அண்ணன்கள் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டதாக இப்போது தெரிகிறது. "1989-க்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, நகையும் சீரும் போட்டாயிற்று" என்கிறார்கள். வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். "எனக்குச் சேரவேண்டிய தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விட்டபடியால், இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்ற வகையில் ஒரு வரி இருந்தால் அது விடுதலைப் பத்திரம்; வங்கிக் கடனுக்கான தாள் அன்று. சார்பதிவாளர் முன் கைரேகை வைத்து அதைப் பதிந்துவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அதை ரத்துசெய்யக் கோரி வழக்குத் தொடுக்க, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். உண்மையிலேயே கடன்தான் நோக்கம் என்றால் பாகப்பிரிவினையை முதலில் முடித்து, அவரவர் பங்கை அவரவர் அடமானம் வைத்துக்கொள்ளலாம். ஆகவே இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அண்ணன்கள் சொல்லும் 1989 என்ற கணக்கு வானத்திலிருந்து வந்ததல்ல. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 25.3.1989-க்கு முன் திருமணமான மகள்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குதாரராக முடியாதிருந்தது. ஆனால் அது பூர்வீகச் சொத்துக்கான விதி. அதிலும் 9.9.2005-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்துவிட்டது; அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடாது.

உங்கள் வழக்குக்கு இவை எதுவும் தேவைப்படாது என்பதுதான் என் கருத்து. தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8 பொருந்தும். அதன்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல்நிலை வாரிசுகள். மகளின் திருமணத் தேதியை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. தந்தை இறந்தபோது உங்கள் அப்பத்தா உயிருடன் இல்லை என்றால், வாரிசுகள் நால்வர். இரண்டு ஏக்கர் என்பது இருநூறு சென்ட். ஆளுக்கு ஐம்பது சென்ட். திருமணத்தில் போட்ட நகையையும் சீரையும் பங்கில் கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நீங்களாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. தாய் தம்முடைய ஐம்பது சென்ட்டை யாருக்கு வேண்டுமானாலும் செட்டில்மெண்ட் செய்யலாம், அதைத் தடுக்க முடியாது. உங்கள் பங்கை எழுதிக்கொடுக்க மட்டும் அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஆகவே எல்லாமே, சொத்து தந்தைக்கு எப்படி வந்தது என்பதில்தான் நிற்கிறது. 1984-ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். அந்த ஆண்டு முதல் இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதேனும் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அது வருவாய்த்துறைப் பதிவு. உரிமையைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றம். ஆனாலும் சும்மா விடாமல், பட்டா மாற்றத்தை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

ஆண்டுதோறும் வந்த அந்த இரண்டு மூட்டை நெல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது பாசம் மட்டுமல்ல, சாட்சியமும்கூட. கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரரின் அனுபவம் மற்றவருக்காகவும் சேர்ந்ததே என்பது சட்டத்தின் பார்வை. உங்களை வெளிப்படையாக விலக்கியது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் பன்னிரண்டு ஆண்டுக் காலவரம்பு ஓடத் தொடங்கும். நெல் வந்தவரை விலக்கம் நடக்கவில்லை என்று வாதிட முடியும். கோபத்தில் வக்கீல் நோட்டீஸில், "பத்து ஆண்டுகளாக எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை" என்று உண்மைக்கு மாறாக எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி காலவரம்பிலும் இடிக்கும். கூட்டு அனுபவம் இல்லை என்றாகிவிட்டால், நீதிமன்றக் கட்டணத்தையும் பங்கின் சந்தை மதிப்புப்படி கட்ட நேரிடும். நடந்ததை நடந்தபடி, நெல்லையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நோட்டீஸுக்குப் பின்னும் இணங்காவிட்டால் தாய், அண்ணன்கள் மூவரையும் எதிர்வாதிகளாகச் சேர்த்துப் பாகப்பிரிவினை வழக்கும், விற்பதற்குத் தடையுத்தரவு மனுவும் தாக்கல் செய்ய வேண்டும். அண்ணன்கள் உயில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், அதில் சாட்சிக் கையெழுத்திட்டவர் உயிருடன் இருக்கும்வரை ஒருவரையாவது கூண்டில் ஏற்றி அவர்கள்தாம் அதை நிரூபிக்க வேண்டும். வழக்குக்கு முன்பே சமரசம் பேச விரும்பினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு அங்கே இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு.