பாஸ்போர்ட் புதுப்பித்தாயிற்று, அம்மாவைக் கேட்டாயிற்றா?

கேள்வி: எனக்கு 34 வயது. தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு, கிரீன் கார்டில் டெக்சாஸ் வந்து ஆறு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக இதய அறுவை சிகிச்சை ஐசியூவில் வேலை. ஐசியூ நர்ஸுகளுக்கான சிசிஆர்என் தேர்வும் பாஸ் செய்துவிட்டேன். அடுத்து நர்ஸ் அனஸ்தட்டிஸ்ட், அதாவது அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. ஊரில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே மதிப்பிட்டபோது ஜிபிஏ நான்குக்கு 3.1தான் வந்தது. கெமிஸ்ட்ரி திரும்பப் படிக்க வேண்டுமா? மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா? அந்த வேலை செய்கிறவர் கூடவே நின்று பார்க்கிற ஷேடோயிங் எத்தனை மணி நேரம் போதும்? இன்டர்வியூவை நினைத்தாலே கை நடுங்குகிறது. வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகளுக்கு 6 வயது, 3 வயது. கணவர் ஐடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், ஆனால் அவருக்குப் பிள்ளைகளைச் சமாளிக்க வராது. அந்த மூன்று வருடமும் அம்மா வந்து பார்த்துக்கொள்வார், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். பைபாஸ் ஆன அப்பாவை ஊரில் அண்ணன் பார்த்துக்கொள்வான். எனக்கு சீட் கிடைக்குமா?

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சின்னது. முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

3.1 போதாது. பல கல்லூரிகள் 3.0 இருந்தால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் சீட் வாங்குகிறவர்கள் அதற்கு மேலேதான் இருப்பார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி அல்லது பயோகெமிஸ்ட்ரி, கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்து ‘ஏ’ வாங்குங்கள். ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் படித்ததைவிட நேற்று படித்ததற்குத்தான் அங்கே மதிப்பு. ஜிஆர்இ கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். கேட்காத இடங்கள் நிறைய, அங்கே போடுங்கள். ஐசியூ அனுபவம் விதிப்படி குறைந்தது ஒரு வருடம், உங்களிடம் நான்கு இருக்கிறது. ஷேடோயிங்கில் மணிக்கணக்கைப் பார்க்காதீர்கள். விடியற்காலையில் நர்ஸ் அனஸ்தட்டிஸ்ட் மெஷினைச் சோதித்து மருந்தை ஏற்றி வைப்பதிலிருந்து, கடைசி பேஷண்ட் கண் விழிக்கிற வரைக்கும் ஒரு முழு நாள் கூட நில்லுங்கள், அப்புறம் இன்னொரு நாள். இன்டர்வியூவில் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மருந்துகளில் நார்எபிநெஃப்ரின் ஏன், வாசோபிரசின் எப்போது என்று கேட்பார்கள். தினமும் உங்கள் கையால் ஓட்டுகிற டிரிப்தானே, அதற்கா நடுக்கம்?

சரி, இப்போது பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவைக் கேட்டேன் என்று ஒரு வரி இல்லை. அவருக்கு என்ன வயது, சுகர் இருக்கிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது, எதுவும் இல்லை. உங்கள் பேஷண்ட்டின் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டால் பாயிண்ட்டோடு சொல்வீர்கள். ஏனம்மா, பெற்றவளைப் பற்றிச் சொல்ல உங்களிடம் இருந்தது பாஸ்போர்ட் மட்டும்தானா?

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. படிப்பு மாறும், ஊர் மாறும், “அம்மா வந்து பார்த்துக்கொள்வார்” மட்டும் மாறாது. நானும் அதைச் சொன்னவள்தான். என் மகனை வளர்க்க அம்மா சென்னைக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார். வருவதற்கு முன்னால் தன் கறவை மாட்டை விற்றுவிட்டு வந்தார் என்பது, அவர் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பால் காசு ஒன்றுதான் அவர் கையில் சொந்தமாகப் புழங்கிய காசு. “வர்றியாம்மா” என்று நான் கேட்கவில்லை. “எப்ப வர்ற” என்றுதான் கேட்டேன்.

உணர்ச்சியை விடுங்கள், கணக்கையாவது போட்டீர்களா? 2022 ஜனவரியிலிருந்து இந்தப் படிப்பில் சேர்கிற எல்லாருக்கும் டாக்டரேட்தான், குறைந்தது 36 மாதம். விசிட்டர் விசாவில் வருகிற அம்மாவுக்கு வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் தங்க அனுமதி. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அவர் ஓடினால்கூடப் பாதிக் காலத்துக்குத்தான் ஆள் இருக்கும். மீதிக்கு யார், மாமியார் பாஸ்போர்ட்டா? நடுவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால், பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முழுதாகக் கை கொடுக்காது. அந்த ஊர் ஐசியூவில் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு பில் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவை அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அதற்கு அண்ணி பார்த்துக்கொள்வாள் என்று அர்த்தம். பைபாஸ் ஆன மனிதருக்கு வேளைக்கு மாத்திரை, உப்பு குறைத்த சமையல், செக்கப்புக்கு அழைத்துப் போவது எல்லாம் அந்தப் பெண் தலையில் விழப்போகிறது. அவளையும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு பேரை நீங்கள் கடல் தாண்டி இடம் மாற்றுவது, அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதருக்குப் பிள்ளைகளைச் சமாளிக்க வராது என்பதற்காக. வராது என்றால் என்ன? உங்களுக்கு வென்டிலேட்டர் பிறக்கும்போதே தெரிந்ததா? டயாப்பர் மாற்றுவதும், மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது பெற்ற இருவரின் கடமை. தாத்தா பாட்டி மனசு வைத்துச் செய்தால் அது அவர்கள் கொடுக்கிற கொடை. கொடையைக் கேட்டு வாங்கலாம், பட்டியலில் எழுதிவைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பழைய காலத்து ஆள்தான், ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இதை வைத்து, ஆசையை மூட்டை கட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அருமையான தொழில் அது. அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கிற வேலையை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நர்ஸுகள் செய்து வருகிறார்கள். மேயோ கிளினிக்கின் நர்ஸ் ஆலிஸ் மகா 1906-இல் எழுதிய கட்டுரையில், தான் மயக்க மருந்து கொடுத்த 14,000-க்கு மேற்பட்டவர்களில் ஒருவர்கூட அந்த மருந்தால் சாகவில்லை என்று கணக்குக் காட்டியிருக்கிறார். இன்றைக்குச் சம்பளமும் ஆண்டுக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. போய்ச் சேருங்கள்.

ஆனால் வீடு என்ன விலை கொடுக்கப்போகிறது என்பதைக் கணவரிடம் எண்ணாகச் சொல்லுங்கள். முடிப்பதற்குள் குறைந்தது 600 கேஸுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்க வேண்டும், 2,000 மணி நேரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சில மாதம் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போடுவார்கள். கூடவே வேலை பார்ப்பது நடக்காது, ஆகவே மூன்று வருடம் உங்கள் சம்பளம் இல்லை. கட்டணமோ பல இடங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதற்கு எல்லாரும் நம்பியிருந்த கிராட் பிளஸ் அரசுக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. சேமிப்பு எவ்வளவு வேண்டும் என்று இருவருமாக உட்கார்ந்து இப்போதே போடுங்கள். மூன்று வருடம் வீட்டை எப்படி ஓட்டுவீர்கள் என்று இன்டர்வியூவிலும் கேட்கலாம். உங்கள் கை நடுங்குவது அந்தக் கேள்விக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. நாளைக்கு நீங்கள் மயக்க மருந்து கொடுக்கப்போகிற ஒவ்வொருவரிடமும், என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் என்ன வழி என்று விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவீர்கள். கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ள மாட்டீர்கள். அந்த மரியாதையில் பாதியாவது அம்மாவுக்குக் கொடுங்கள்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஷேடோயிங், உங்கள் வீட்டிலேயே. இரண்டு வாரம் வேலைக்கு லீவு போடுங்கள். விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்பி லைப்ரரிக்கோ காபிக் கடைக்கோ போய்ப் படியுங்கள், ராத்திரி ஏழு மணிக்கு முன்னால் திரும்பாதீர்கள். போனை எடுக்காதீர்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள், கணவர் ஏதாவது செய்வார். பதினைந்தாம் நாள் ஊருக்குப் போன் போடுங்கள். “வர்றியாம்மா, முடியாதுன்னாலும் சரி” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர் யோசிக்கட்டும். அப்புறம் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.