காட்டில் சமைக்கப் போகிறவருக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 28. ஊர் சேலம் மாவட்டம் ஆத்தூர், வேலை சென்னையில், மென்பொருள். எக்வடோர் நாட்டின் அமேசான் காட்டில், புயோ நகரிலிருந்து படகில் போகவேண்டிய ஒரு கிச்வா பழங்குடி கிராமத்தில் மூன்று மாதம் தன்னார்வச் சமையல்காரனாக இருக்கப் பதிவு செய்திருக்கிறேன். அந்த மக்களுக்கு நம் சைவச் சாப்பாட்டை, சாம்பாரை அறிமுகம் செய்யவேண்டும் என்று ஆசை. வீட்டில் எல்லோரும் நான் வாழ்க்கையை விட்டு ஓடுகிறேன் என்கிறார்கள். அப்படித்தானா? அங்கே சைவமாகச் சமாளிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போய்விட்டு வாருங்கள். 28 வயதில் எதிலிருந்தாவது ஓடாதவன் யார், அதை விடுங்கள். சைவம் பற்றியும் கவலை வேண்டாம், கிழங்கும் வாழைக்காயும் தாராளமாகக் கிடைக்கும். எனக்குக் கோபம் வந்தது அந்தச் சாம்பார் வரியில்தான். கொஞ்ச நாளாகவே எனக்குத் தெரிந்த ஒரு சமையல்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்று. இப்படிப்பட்ட இடங்களில் தன்னார்வலர் சமைப்பது பெரும்பாலும் மற்றத் தன்னார்வலர்களுக்கும் ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்கும்தான். கிச்வா வீடுகளில் அடுப்பும் கிழங்குத் தோட்டமும் பெண்களின் ராஜ்யம், அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. உங்களைப் போல வந்த நாலு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப்போடுவது நல்ல வேலைதான், செய்யுங்கள். பழங்குடிக்குச் சோறு போடுகிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், நீங்கள் ஆத்தூர்க்காரர். குச்சிக்கிழங்கும் (மரவள்ளிதான்) ஜவ்வரிசி ஆலையும் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கிழங்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா? அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில் பல்லாயிரம் வருடத்துக்கு முன்பு அங்கிருந்த மனிதர்கள் காட்டுச்செடியைப் பயிராக்கியது அது. கப்பலேறி இந்தியா வந்து, 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மன்னர் ஊக்கம் கொடுத்துப் பரவி, கடைசியில் உங்கள் பாயசத்துக்குள் வந்து விழுந்தது. உங்கள் பக்கத்தில் மரவள்ளித் தழையை மேய்ந்து ஆடு செத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதிலிருப்பது சயனைடு நஞ்சு. அமேசானின் வேறு பகுதிகளில் கசப்பு மரவள்ளியைத் துருவி, நீளமான பின்னல் குழாயில் திணித்து, தொங்கவிட்டு இழுத்து அந்தச் சாற்றைப் பிழிகிறார்கள். பிழிந்ததையும் கொட்டுவதில்லை, நெடுநேரம் கொதிக்கவைத்து நஞ்சு போனபின் குழம்பாக்கிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு நீங்கள் போய்ச் சாம்பார் சொல்லித்தரப் போகிறீர்கள்!

நீங்கள் போகும் பக்கத்தில் சிச்சா என்று ஒரு பானம் உண்டு. வேகவைத்த கிழங்கை மசித்து, அதில் கொஞ்சத்தைப் பெண்கள் வாயிலிட்டு மென்று திரும்பக் கலந்து வைப்பார்கள். எச்சிலில் மாவு சர்க்கரையாகி, சில நாளில் புளித்துவிடும். மெல்லிய மண்கிண்ணத்தில் வீட்டுக்காரி நீட்டும்போது வேண்டாம் என்பது மரியாதையில்லை. சுத்த சைவம்தான், தைரியமாகக் குடிக்கலாம்.

உங்கள் புயோ இருக்கும் அதே பஸ்தாஸா மாநிலத்தில் சரயாகு என்று ஒரு கிச்வா ஊர். ஊராரைக் கேட்காமலே அரசாங்கம் ஓர் எண்ணெய்க் கம்பெனியை உள்ளே விட, கம்பெனிக்காரர்கள் ஊர் நிலத்தில் 1,400 கிலோவுக்கு மேல் வெடிமருந்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் வழக்காடி, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தில் 2012இல் ஜெயித்தார்கள். எங்களைக் கேட்டாயா என்பதுதான் வழக்கே. உங்களை எண்ணெய்க் கம்பெனியோடு சேர்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் எதையாவது கொண்டுவந்து இறக்குகிறவர்களை அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் சொன்ன சமையல்காரர் வால்பாறைப் பக்கம் ஒரு முகாமில் இருந்தவர், அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆடி மழையில் அங்கே உப்புகூடக் கசிந்து தண்ணீராகும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி ஈரவிறகைப் புகையில் காயவைப்பார், உப்பு ஜாடியை அடுப்போரமே வைத்திருப்பார். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் எல்லோரும் 'எதுன்னாலும் சரிண்ணே' என்று பொய் சொல்வார்கள் என்பார். சாப்பாடு முடிந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தட்டு கழுவும் இடத்தில் போய் நிற்பார். எவன் சோற்றை ஒதுக்கினான், எவன் குழம்பை வழித்தான், யார் காயைத் தொடவில்லை, எல்லாம் அங்கே தெரியும். மலைவாசியான ஒரு வாட்சர் சாம்பார் சோற்றைப் பாதி பாதியாகக் கொட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் அவர் தட்டில் மட்டும் கருவாட்டுக் குழம்பு. இவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை, தட்டு மட்டும் காலி.

அதனால் போனவுடன் கரண்டியைப் பிடிக்காதீர்கள். தட்டு கழுவுங்கள். பணிவு அது இது என்று ஃபேஸ்புக்கில் எழுதுவதற்காக இல்லை, சமையல்காரனுக்கு வேண்டிய சேதி எல்லாம் அந்த எச்சில் தட்டில்தான் கிடக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், தட்டு கழுவுங்கள். கிளம்பும்வரை வீட்டிலேயே பழகலாமே, இத்தனை வருடத்தில் உங்கள் அம்மாவின் தட்டை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? விடியுமுன் எழுந்து குவாயூசா இலைத் தேநீர் குடித்தபடி கனவு சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிச்வாக்களிடம் உண்டு. கூப்பிட்டால் போய் உட்காருங்கள், அந்த நேரத்தில் இட்லி பற்றிப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

புயோ பக்கம் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மசாலாப்பொடி கட்டி தட்டிப்போகும், ரொம்பக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே கூட்டிப்போய் ஆறு நாள் வரைக்கும் தனியாக உட்காரவைத்துவிடுவார்கள்.