நெல் வேரில் சிலிக்காவும் ஆர்சனிக்கும் நுழையும் ஒரே துளை

செல் சவ்விலுள்ள கால்வாய்ப் புரதங்களால் தாவரத்துக்கு அப்படி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பதில் சொன்னால் ‘நீரும் அயனிகளும் செல்லும் வழி’ என்ற பாடப்புத்தக வரியில்தான் நானும் போய் நிற்பேன். ஆகவே நெல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும், நெல் தாள் கையைக் கீறிவிடும். இலையில் படிந்திருக்கும் சிலிக்காதான் காரணம். நெற்பயிரின் உலர் எடையில் 10 சதவீதம் வரைகூடச் சிலிக்கான் இருக்கலாம். பயிர் சாயாமல் நிற்கவும், குலைநோயைத் தாங்கவும் அது வேண்டும். இவ்வளவு சிலிக்கான் வேரில் எப்படி ஏறுகிறது? ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006இல் அதற்கான கால்வாயைக் கண்டுபிடித்தனர். பெயர் எல்.எஸ்.ஐ-1. நீரைக் கடத்தும் அக்வாபோரின்களின் குடும்பம்தான். ஆனால் துளை சற்று அகலமானது, மண்நீரில் கரைந்த சிலிக்கானான சிலிசிக் அமிலம் நுழையும் அளவுக்கு.

அது அமர்ந்திருக்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேரில் செல்களுக்கு இடைப்பட்ட வழியைக் காஸ்பேரியன் பட்டை அடைத்துவிடுகிற அடுக்குகளில், செல் சவ்வின் மண்ணை நோக்கிய பக்கத்தில் மட்டும் எல்.எஸ்.ஐ-1 இருக்கிறது. வேரின் மையத்தை நோக்கிய பக்கத்தில் எல்.எஸ்.ஐ-2 என்ற இன்னொரு புரதம். முன்னது செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சும்மா வழிவிடும். பின்னது ஆற்றலைச் செலவிட்டு, செல்லிலிருந்து வேரின் மையப் பக்கமாக வெளியே தள்ளும். கால்வாய்க்கும் பம்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

வில்லங்கமும் இங்கேதான். நீர் தேங்கி ஆக்ஸிஜன் அற்றுப்போன சேற்றில் நச்சுப்பொருளான ஆர்சனிக், ஆர்சனைட் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. மின்சுமை இல்லாத அந்த மூலக்கூறு அளவிலும் சிலிசிக் அமிலத்தை ஒத்திருக்கிறது. கால்வாய் பார்ப்பது அளவையும் மின்சுமையையும்தானே, உள்ளே விட்டுவிடுகிறது. இதே குழு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தாருடன் சேர்ந்து 2008இல் இதை நிறுவியது. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பாய்ச்சும் வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் இது சோற்றுப் பிரச்சினை.

அந்த மரபணுவையே நீக்கிவிடலாமே என்று தோன்றும். எல்.எஸ்.ஐ-1 பழுதான நெல்லில் சிலிக்கான் குறைந்து மகசூலும் பெருமளவு சரிகிறது. மண்ணில் சிலிக்கான் உரம் இட்டால் போட்டியில் ஆர்சனைட் ஓரளவு பின்தங்கும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவதும் உதவும். ஆனால் காய்ந்த மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கரைந்து, மாங்கனீசுக்காக உள்ள வேறொரு புரதத்தின் வழியே வேருக்குள் புகுந்துவிடுகிறது.