வயித்துக்குள்ள எது எங்க இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பப்போ தொப்புளைச் சுத்தி வலிக்குது. அது இரைப்பை வலிதானே? அல்சரா இருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. – ஒரு வாசகி, தஞ்சாவூர்

தொப்புள்கிட்ட இரைப்பை இல்லம்மா. இரைப்பை இன்னும் மேல, இடது பக்க விலா எலும்புக்குள்ள பாதி மறைஞ்சு இருக்கு. நிறைய பேர் பசிக்குதுன்னு அடிவயித்தைத் தடவிக் காட்டுவாங்க, அங்க இருக்கிறது சிறுகுடல். 5, 6 மீட்டர் நீளத்தை சுருட்டி சுருட்டி நடுவுல அடைச்சு வச்சிருக்கு, நாம சாப்பிட்டதுல இருந்து சத்து ரத்தத்துல சேர்றது பெரும்பாலும் அங்கதான். அதைச் சுத்தி கதவு நிலை மாதிரி பெருங்குடல் ஓடுது: வலது அடிவயித்துல ஆரம்பிச்சு, மேல கல்லீரலுக்கு அடி வரைக்கும் ஏறி, குறுக்கால இடது பக்கம் போய், அப்புறம் கீழ இறங்கும். மொத்தமே ஒண்ணரை மீட்டர்தான், மிச்சம் இருக்கிற தண்ணியை உறிஞ்சிட்டு கழிவை மலக்குடலுக்குத் தள்ளுறது அதோட வேலை.

இப்ப உங்க வலிக்கு வருவோம். அல்சர் வலி பொதுவா தொப்புளுக்கு மேல, நெஞ்சுக்குழிக்குக் கீழ எரிச்சலா வரும். காரமும் டென்ஷனும்தான் காரணம்னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டர்கள் இரைப்பையில குடியிருக்கிற ஹெலிகோபேக்டர் பைலோரிங்கிற கிருமியைக் கண்டுபிடிச்சாங்க, யாரும் நம்பலைன்னு 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவச்சுக் காட்டினார், 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமியும், அடிக்கடி போடுற வலி மாத்திரையும்தான் அல்சருக்குப் பெரிய காரணங்கள். அதனால பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு மாத்திரை வாங்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட போய் ஒரே விரலால இடத்தைத் தொட்டுக் காட்டுங்க, எப்ப ஆரம்பிச்சது, இடம் மாறுதான்னும் சொல்லுங்க. தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்ச வலி சில மணி நேரத்துல வலது அடிவயித்துக்கு நகர்ந்து, கூடவே காய்ச்சல், வாந்தின்னு வந்தா குடல்வால் வீங்கியிருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. இன்னொண்ணு. நெஞ்சுக்குழியில அழுத்தமா வலிச்சு வேர்த்துக் கொட்டினா கேஸ்னு சொல்லி சோடா குடிச்சிட்டுப் படுக்காதீங்க, ஹார்ட் அட்டாக்கும் அப்படித்தான் வரும், உடனே ஈசிஜி எடுக்கணும்.

கேள்வி: சாப்பிடும்போது ஏன் புரை ஏறுது? யாரோ நினைக்கிறாங்கன்னு பாட்டி சொல்றாங்க. – பத்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பாட்டி சொல்றது பாசத்துல சொல்றது, சொல்லட்டும். தொண்டையில முன்னாடி மூச்சுக்குழாய், பின்னாடி உணவுக்குழாய், ரெண்டுக்கும் பொது வாசல். கழுத்து முன்பக்கம் விரலை வச்சுட்டு எச்சில் முழுங்கிப் பாரு, குரல்வளை ஒரு தடவை மேல ஏறி இறங்கும். அது ஏறுற நேரத்துல ஒரு சின்ன மூடி சாய்ஞ்சு மூச்சு வழியை மறைச்சிடும், சோறு பின்பக்கம் போயிடும். பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே முழுங்கினா இந்த டைமிங் தப்பிடுது, ஒரு பருக்கை முன்பக்கம் போனாலும் இருமல் வந்து வெளிய தள்ளும். இருமுறவங்களை இரும விடணும். இரும முடியல, பேச்சே வரலன்னா குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தால பலமா அஞ்சு தட்டு தட்டிட்டு உதவிக்குக் கூப்பிடணும்.

கேள்வி: தலைகீழா நின்னுட்டு முழுங்கினா சாப்பாடு வயித்துக்குப் போகுமா? – ஒரு மாணவர், கடலூர்

போகும். உணவுக்குழாய் வெறும் பைப் இல்ல, 25 செ.மீ. நீளத்துக்கு சுவர் பூரா தசை, மேல இருந்து அலை அலையா அழுத்தித் தள்ளும். அதுக்காக செஞ்சு பாக்காத தம்பி, புரை ஏறிடும்.

கேள்வி: அம்மாவுக்கு கல்லுன்னு பித்தப்பையையே எடுத்துட்டாங்க. இனிமே எண்ணெய் அயிட்டம் எதுவும் செரிக்காதா? – ஒரு வாசகர், ஈரோடு

பயப்படாதீங்க. பித்தநீரை செய்யுறது கல்லீரல், அது பத்திரமா இருக்கு. பித்தப்பை வெறும் ஸ்டோர் ரூம் வேலைதான் பார்த்துச்சு, சாப்பாட்டுக்கு நடுவுல வர்ற பித்தநீரை சேர்த்து கெட்டியாக்கி வச்சிருந்து, கொழுப்பு சாப்பிட்டா சுருங்கி முன்சிறுகுடல்ல ஊத்தும். கணையநீரும் அங்கதான் வந்து சேருது, அதுல இருக்கிற நொதிதான் கொழுப்பை உடைக்குது, பித்தநீர் அதுக்கு வசதியா கொழுப்பை சின்னச் சின்னத் துளியா பிரிச்சுக் கொடுக்குது. இப்ப அந்த ஸ்டோர் இல்லாததால பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமா நேரா குடலுக்கே வந்துட்டிருக்கும். ஒரே வேளைல பிரியாணி, வறுவல்னு நிறைய கொடுத்தா சமாளிக்காது, கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்தா பெரும்பாலானவங்களுக்கு செரிச்சிடும். ஆபரேஷன் ஆன புதுசுல சிலருக்கு வயிறு இளகிப் போகும், பொதுவா சில வாரத்துல சரியாகும், அதுக்கு மேலயும் போனா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆனா கண்ணுல மஞ்சள் தெரிஞ்சாலோ, குளிர்காய்ச்சலோட வலது மேல்வயிறு வலிச்சாலோ பித்தக்குழாய்ல கல் தங்கியிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.