தலையில் அடி, கையில் 18,000 வெள்ளி வவுச்சர்: கையெழுத்துப் போடலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு 41 வயது, துவாஸ் பக்கம் டெக்னீஷியன். ஏழு மாதத்துக்கு முன் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பும்போது, விரைவுச்சாலையில் தடம் மாறிய ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டது. சில நிமிடம் நினைவில்லை. முதல் ஸ்கேனில் மூளையில் சின்ன ரத்தக்கசிவு, அடுத்த ஸ்கேனில் அது கரைந்துவிட்டது. இரண்டு மாதம் எம்சி எனும் மருத்துவ விடுப்பு, அப்புறம் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் சொன்னது மறந்துபோகிறது, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்துவிழுகிறார், சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். இப்போது கார்க்காரரின் காப்புறுதி நிறுவனம் 18,000 வெள்ளிக்கு ஒரு வவுச்சர், அதாவது பணத்தை வாங்கிக்கொண்டு கோரிக்கையை முடித்துக்கொள்ளும் ஒப்புதல் தாள், அனுப்பியிருக்கிறது. இன்னொரு பக்கம், பைக்கைப் பழுதுபார்த்த பட்டறை மூலம் வந்த ஒருவர், ‘எனக்கு 30 சதவீதம் கொடுங்கள், 80,000 வாங்கித் தருகிறேன்’ என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் அடையாளக் கணக்கு) விவரம் கேட்கிறார். "ஸ்கேன் நார்மல் என்பதால் இதற்கு மேல் கிடைக்காதாமே, உண்மையா? கணவருக்குப் பதில் நானே கையெழுத்துப் போடலாமா?" இதுதான் கேள்வி.

சகோதரி, இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு அவசரம் இல்லை, அவசரம் அவர்களுக்குத்தான். சாலை விபத்துக் காயத்துக்கு நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு செய்ய சட்டம் தரும் காலம் பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உங்களுக்கு ஏழு மாதம்தான் போயிருக்கிறது.

முதலில் அந்த வவுச்சரை எடுத்து மேசையில் வைத்துப் படியுங்கள். தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, இந்த விபத்தால் இப்போது தெரிந்த, இனிமேல் தெரியவரக்கூடிய எல்லாக் காயங்களுக்கும் இழப்புகளுக்கும் இது முழுமையான இறுதித் தீர்வு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த ‘இனிமேல் தெரியவரக்கூடிய’ என்பதற்குத்தான் 18,000 வெள்ளி கொடுக்கிறார்கள். உடைந்த கை ஆறு மாதத்தில் கூடிவிடும், கூடாவிட்டால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். மூளைக்காயம் அப்படிப்பட்டதில்லை. ஒரு மனிதரால் பழைய வேலையைச் செய்ய முடிகிறதா, குடும்பத்தோடு இருக்க முடிகிறதா என்பது தெரியவே ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகலாம். கையெழுத்துப் போட்டபின் அடுத்த ஆண்டு வேலை போனாலும் திரும்பிப் போய்க் கேட்க வழியில்லை.

‘ஸ்கேன் நார்மல்’ என்பது ஒரு பாதி உண்மை. சிடி ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். மூளை அதிர்ந்து குலுங்கியதில் நரம்பிழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சேதத்தை அது பெரும்பாலும் காட்டாது, எம்ஆர்ஐயில்கூடச் சில சமயம் தெரியாது. ஞாபகம், கவனம், திட்டமிடுதல், கோபத்தை அடக்குதல் இவற்றையெல்லாம் அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது. நரம்பியல் உளவியலாளர் சில மணி நேரம் உட்கார வைத்துச் செய்வார். உங்கள் கணவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அரசாங்க மருத்துவமனையில் கழுத்து அசையுமா, தலைச்சுற்றல் உண்டா என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் அடுத்த தேதி கொடுத்துவிடுவார்கள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று உங்கள் கணவர் சொல்லிவிட்டு வந்தால் கோப்பில் ‘நலம்’ என்றுதான் ஏறும். பின்னால் அதே வரியைக் காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்து நீட்டுவார். அதனால் நீங்களும் கூடப் போங்கள், நீங்கள் பேசுங்கள். தலையில் அடிபட்டவருக்குத் தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போவது சகஜம்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதி போட்டு எழுதி வையுங்கள். ‘மனநிலை சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘செவ்வாய், பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே நின்றுகொண்டு கவனிக்கவில்லை’, ‘வெள்ளி, மகனின் பள்ளிக்குப் போகிற பஸ் எண் மறந்துவிட்டது, நிறுத்தத்திலிருந்து எனக்குப் போன் செய்தார்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மருத்துவருக்கும் அது உதவும், நீதிமன்றத்திலும் நிற்கும். சூப்பர்வைசர் கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்கள், விபத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டு, ஓவர்டைம் கணக்கு, பழைய ஆண்டு மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். அவரை வேலையை விட்டு நிற்கச் சொல்லாதீர்கள், வேலை தானாகப் போனால் அது வேறு கதை. ஃபேஸ்புக்கில் பிறந்தநாள் படம் போடும்போதும் யோசியுங்கள். சிரித்துக்கொண்டு கேக் வெட்டும் படத்தை ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காட்டுவார்கள்.

இனி அந்த 30 சதவீதக்காரர். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இழுவை வண்டிக்காரர், பட்டறை, மருத்துவமனை வாசல், சில நேரம் நம் சொந்தக்கார அண்ணனே என்று எந்த வழியாகவும் இவர்கள் வந்துவிடுவார்கள். நம் மக்களிடம் தமிழில் அன்பாகப் பேசுவார்கள், ‘வக்கீல் வீட்டுக்குப் போனால் பணம் முழுங்கிவிடுவான்’ என்று பயமுறுத்துவார்கள். சிங்கப்பூரின் சட்டத் தொழில் சட்டப்படி, வழக்கறிஞர் அல்லாத ஒருவர் கூலிக்காகக் காயக் கோரிக்கையைப் பேசித் தீர்ப்பது குற்றம். வழக்கறிஞர்கூட இழப்பீட்டுத் தொகையில் சதவீதம் பேசி காய வழக்கை எடுக்க முடியாது. 2013இல் 40 சதவீதம் பேசிய ஒரு வழக்கறிஞரை நம் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்யவிடாமல் நிறுத்திவைத்தது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் கொடுப்பதும் வழக்கறிஞருக்குத் தடை. ஆகவே ‘என் வக்கீல் இருக்கிறார், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவரும் அந்த வக்கீலும் இருவருமே தவறான இடத்தில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் ஒரு தொகைக்கு முடித்துத் தங்கள் பங்கை எடுக்கத்தான் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்து மூளைக்காயத்தை முறையாக நிரூபிக்கும் பொறுமை அவர்களுக்குக் கிடையாது.

பட்டறையில் இன்னொன்றும் கவனியுங்கள். பைக் பழுதுக்கான கோரிக்கை தனி, உடல் காயக் கோரிக்கை தனி. பைக்குக்காகப் போட்ட தாளில் ‘தவறு ஐம்பதுக்கு ஐம்பது’ என்று இருந்தால், காயக் கோரிக்கையிலும் அதை உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். ஏற்கெனவே என்னென்னவற்றில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

கணவருக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போடலாமா? முடியாது. மனைவி என்பதால் மட்டும் ஒரு வயதுவந்தவரின் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் வராது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூளைக்காய வழக்குகளில் குடும்பங்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். கேள்வி, உங்கள் கணவர் தானே முடிவெடுக்கும் திறனோடு இருக்கிறாரா என்பது. மனத்திறன் சட்டம் அதை ஒட்டுமொத்தமாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கிறது. இன்று மதியம் என்ன சாப்பிடலாம் என்று முடிவெடுக்க முடிந்த ஒருவரால், 18,000 வெள்ளியை வாங்கிக்கொண்டு எதிர்கால உரிமையை விடலாமா என்று எடைபோட முடியாமல் இருக்கலாம். விவரத்தைப் புரிந்துகொள்ள, நினைவில் வைத்திருக்க, சீர்தூக்கிப் பார்க்க, தன் முடிவைச் சொல்ல முடிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முடிகிறது என்றால் வழக்கும் கையெழுத்தும் அவருடையதுதான், நீங்கள் துணை மட்டும். அப்படித் திறன் இருக்கும்போதே எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதி உங்களை நியமிக்கச் சொல்வது நல்லது, திறன் போனபின் அதை எழுத முடியாது. திறன் இல்லை என்று மருத்துவர் சொன்னால், அவர் சார்பில் வழக்காடும் பிரதிநிதியாக நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கலாம். பணத்தைக் கையாளக் குடும்ப நீதிமன்றத்தில் டெபுட்டியாக, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றவராக, நியமனம் கேட்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவரின் வழக்கைப் பேசித் தீர்த்தாலும் நீதிமன்றம் அந்தத் தொகையை ஏற்றால்தான் செல்லும். நாளைக்கே நீங்கள் அந்த வவுச்சரில் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாலும், அவருக்குத் திறன் இல்லை என்றால் அது பின்னால் பெரும் சண்டைக்கு இடமாகும், அந்தச் சண்டையில் உங்கள் பெயரும் அடிபடும். விபத்து நடந்த நாளிலிருந்தே திறன் இல்லை என்றால், திறன் திரும்பும் வரை அந்த 3 ஆண்டுக் கெடு ஓடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், உங்கள் கணவர் வேலைக்குப் போய் வருகிறார், அவருக்குத் திறன் இல்லை என்று மூன்று ஆண்டு கழித்து நிரூபிக்கப் போகிறீர்களா? 3 ஆண்டு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்காதீர்கள், மருத்துவ அறிக்கை பார்க்காமல் தொகை சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகிக்கிறார். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, மருத்துவச் செலவு, இதுவரை இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் சம்பளம், எதிர்காலச் சிகிச்சை, பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் அதன் செலவு என்று தனித்தனியாகக் கூட்டுவார்கள். 41 வயதுக்காரருக்குப் பெரியது எதிர்காலச் சம்பளம்தான், 18,000 வெள்ளியில் அது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சாலை விபத்துக் கோரிக்கை 500,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றத்திலேயே நடக்கும், அதற்கு மேல் உயர்நீதிமன்றம்.

வேலை முடிந்து சொந்த பைக்கில் வந்தார் என்பதால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக: வேலைக்காகவே ஓட்டியபோதோ கம்பெனி ஏற்பாடு செய்த வாகனத்தில் வந்தபோதோ அடிபட்டவர்கள் மனிதவள அமைச்சு வழியாகக் கேட்கலாம். செயலி வழியாக வேலை எடுத்து உணவு விநியோகம் செய்யும் தள ஊழியர்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் அது உண்டு. அங்கே கெடு ஓராண்டு, தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டாம், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது.

வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் சட்ட உதவி அலுவலகத்தில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், வருமானச் சோதனை உண்டு. இலவச ஆலோசனைக்குப் புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் சட்ட முகாம்கள் இருக்கின்றன. வழக்கு நடக்கும்போதே, கார்க்காரரின் தவறு தெளிவாக இருந்தால் இடைக்காலத் தொகை கேட்கவும் நீதிமன்றத்தில் வழியுண்டு. கையில் காசு இல்லாததால்தான் பலர் வவுச்சரில் விழுகிறார்கள், இந்த ஒரு வழியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மருத்துவமனை அறிக்கைக்குப் பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டு பத்தி வரும், மறுபடி எழுத வேண்டும். இதையெல்லாம் தலையில் அடிபட்ட ஒருவரும் அவர் மனைவியும் வேலைக்கு லீவு போட்டு அலைந்து செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று. சிங்பாஸ் விவரத்தை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஹெல்த்ஹப்பில் உள்ள மருத்துவக் குறிப்பெல்லாம் அதன் வழியாகத்தான் திறக்கும். மூலப் பத்திரம் ஏதாவது அவரிடம் இருந்தால் வாட்ஸாப்பில் எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், பேசிக் கேட்டால் ஆதாரம் இருக்காது. தர மறுத்தாலோ வீட்டு வாசலில் நின்று மிரட்டினாலோ, அந்தச் செய்திகளோடு போலீசில் புகார் கொடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு, ‘சிகிச்சை இன்னும் முடியவில்லை, மருத்துவ மதிப்பீடு வந்தபின் பதில் சொல்கிறோம்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும்.