டிஸ்க்குக்குள் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

கேள்வி: என் மகனுக்காக, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' என்ற சண்டை கேமின் பிளேஸ்டேஷன் 3 பழைய டிஸ்க் வாங்கினேன். ஏற்காட்டில் எங்கள் வீட்டில் நெட் சரியாக எடுக்காது, அதனால்தான் டிஸ்க். இப்போது அவன், "சண்டை போடுற கேரக்டர் இன்னும் 12 பேர் இந்த டிஸ்க்லயே இருக்காங்கப்பா, தனியா காசு கட்டினாதான் வருவாங்க" என்கிறான். கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். 2012 மார்ச்சில் கேம் வெளிவந்ததுமே, டிஸ்க்கைக் குடைந்து பார்த்தவர்கள் அந்த 12 பேரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் புகார்கள் கிளம்பின. டிஸ்க்கில் பூட்டி வைப்பதும் பிறகு டவுன்லோடு செய்யக் கொடுப்பதும் ஒன்றுதான் என்றது தயாரிப்பாளரான கேப்காம். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. செய்து முடித்து, டிஸ்க்கிலும் பதித்துவிட்ட ஒன்றுக்கு இரண்டாம் முறை காசு கேட்டால் வாங்கியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் டிஸ்க்கில் ஒளிந்திருப்பதெல்லாம் இப்படிப் பூட்டி விற்ற சரக்கு இல்லை. 1992-ல் வந்த 'சோனிக் 2' கேமில் 'ஹிடன் பேலஸ்' என்ற கட்டத்தைப் பாதியில் கைவிட்டார்கள்; அதன் மிச்சசொச்சம் கேசட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. 2013 மொபைல் பதிப்பில்தான் அது முழுதாக வந்தது. கைவிட்டதை ஏன் அழிப்பதில்லை என்றால், கேமில் ஒரு ஃபைலை இன்னொரு ஃபைல் நம்பி நிற்கும். கடைசி நேரத்தில் ஒன்றை உருவினால் வேறெங்கோ கேம் நின்றுபோகும். அதனால் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படி மிஞ்சிய அரைகுறை வேலைக்கு யாரிடமும் உரிமை கோர முடியாது.

உங்கள் விஷயத்தில், அட்டையிலும் பில்லிலும் என்ன எழுதியிருக்கிறது, கடைக்காரர் வாயால் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். "எல்லா கேரக்டரும் இருக்கு" என்று சொல்லி விற்றிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் கேட்டும் தராததும் அப்படித்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள். பூட்டு போட்டது அவர் இல்லை.

தனியாகக் காசு கட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க்கின் ரீஜனும் (எந்த நாட்டுப் பகுதிக்கானது என்ற பிரிவு) மகனுடைய பிளேஸ்டேஷன் கணக்கின் ரீஜனும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய காசும் வீண். இனி பழைய டிஸ்க் வாங்கும்போது, அட்டையில் 'கம்ப்ளீட் எடிஷன்' என்று இருந்தாலும், கூடுதல் பகுதி டிஸ்க்கிலேயே இருக்கிறதா, டவுன்லோடு செய்வதற்கான கோட் சீட்டாக வருகிறதா என்று கேளுங்கள். கோட் ஒருமுறைதான் செல்லும், பழைய டிஸ்க் என்றால் முதலில் வாங்கியவர் அதை எப்போதோ போட்டு முடித்திருப்பார்.

கேள்வி: 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் கட் பண்ணின சீன் எல்லாம் சேர்த்து பென் டிரைவில் 300 ரூபாய்க்குத் தருகிறார்களாம். பத்தாவது படிக்கும் பையன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: வேண்டாம்மா. 2004-ல் வந்த அந்த கேமில், கைவிட்ட பாலியல் காட்சி ஒன்று உள்ளேயே கிடந்தது. அடுத்த வருடம் அதைத் திறக்கும் மோட் (கேமை மாற்ற வெளியாட்கள் செய்யும் சிறு புரோகிராம்) ஒன்று பரவியது. அமெரிக்காவில் 17 வயது முதல் என்றிருந்த முத்திரையை 18 வயதான பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றும் அளவுக்குப் போனது. அந்தக் காட்சி இல்லாவிட்டாலும் இது பத்தாவது பையனுக்கான கேம் இல்லை. தவிர, இப்படி விற்பது திருட்டுக் காப்பி. பில் இருக்காது, வைரஸ் ஏறி வீட்டு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் யாரையும் கேட்க முடியாது. அவன் வயதுக்கு ஏற்ற கேமைக் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுங்கள்.