எல்லாரும் 'சரி' என்கிறார்கள், வேலை மட்டும் வேறு மாதிரி நடக்கிறது

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக நடத்துகிறோம், நான் மேலாளர். சமையலுக்கு உள்ளூர் அக்காமார், அறை வேலைக்கு ஒடிசா, பீகார் இளைஞர்கள். விருந்தினரில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர். எதைச் சொன்னாலும் 'சரி' என்கிறார்கள், செய்வது வேறாக இருக்கிறது. சென்ற மாதம் ஒருவர் ஆத்தங்குடித் தரையில் ஆசிட் ஊற்றிவிட்டார். நான் இந்தி கற்க வேண்டுமா, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் போகவா?

பதில்: இந்தி கொஞ்சம் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் ஆசிட் ஊற்றியதற்கு மொழி மட்டும் காரணமில்லை. "தரையைப் பார்த்துத் துடைங்க" என்று சொல்லியிருப்பீர்கள். இந்தப் பக்கத்துக்காரருக்கு அது போதும்; ஆத்தங்குடிக் கல்லை எப்படி வைத்துக்கொள்வது என்பது பார்த்துப் பார்த்தே பழகியது. வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தரை என்றால் தரை. கறை போகாவிட்டால் ஆசிட். அது சூளையில் சுட்ட கல் அல்ல, கண்ணாடிமேல் வார்த்த சிமென்ட் கல், அமிலம் பட்டால் மேல்பரப்பு அரித்து நிறம் வெளுத்துவிடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

குறிப்பறிந்து நடப்பதை நாம் பெரிய குணமாகக் கருதுகிறோம். பாதியைச் சூழலுக்கு விட்டுப் பேசும் இந்தப் பழக்கத்தையும், எல்லாவற்றையும் சொல்லிலேயே வைக்கும் பழக்கத்தையும் 1976இல் பிரித்துக் காட்டியவர் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர். சூழல் பொதுவாக இருக்கும்வரை குறிப்பு வேலை செய்யும். உங்கள் விடுதியில் அது பொதுவாக இல்லை. ஆகவே குறிப்பை விட்டுவிட்டு முழுதாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அவர்கள் அல்ல.

முழுதாக என்றால் நீளமாக என்று பொருளில்லை. எந்த இடம், எதைக் கொண்டு, எதைச் செய்யக் கூடாது, ஏன், எத்தனை மணிக்குள்: இந்த ஐந்தும் இருக்க வேண்டும். "5ஆம் அறைத் தரை. வெறும் தண்ணீர், பிழிந்த துணி. ஆசிட் வேண்டாம், கல் வெளுத்துப்போகும். 11 மணிக்குள்." ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. ஒரே மூச்சில் மூன்று வேலைக்கு மேல் சொன்னால் நடுவில் உள்ளது காணாமல் போகும். 'ஏன்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்தவர் அடுத்த அறையிலும் ஆசிட்டைத் தொடமாட்டார். தெரியாதவருக்குத் தடை அந்த 5ஆம் அறையோடு முடிந்தது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் இதே கதைதான். (ஆசிட் பாட்டிலை வீட்டுக்குள்ளேயே வைக்காமலிருப்பது எல்லா அறிவுரையையும்விட நல்லது.)

அடுத்து, அந்த 'சரி'. "புரிஞ்சுதா?" என்று முதலாளி இடத்திலிருப்பவர் கேட்டால் மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. அந்த 'சரி'க்கு "காதில் விழுந்தது" என்பதற்கு மேல் அர்த்தம் வைக்காதீர்கள். அந்தக் கேள்வியையே நிறுத்திவிடுங்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், எப்படிச் செய்வீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். பரீட்சை உங்களுக்கு என்று ஆகிவிடுவதால் அவருக்குக் கூச்சம் இராது. வயதில் மூத்த சமையல்கார அக்காவிடம் இப்படித் திருப்பிச் சொல்லச் சொன்னால் முகம் சுளிப்பார். அங்கே, "அக்கா, ராத்திரி எது முதல்ல போகுது, வரிசை சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றால் அதே வேலை முடிந்தது.

தமிழ் தெரிந்த ஒரு பையனை எல்லாவற்றுக்கும் வாயாக வைத்திருக்கிறீர்களா? பல இடங்களில் கோளாறு தொடங்குவது இங்கேதான். அவர் சுருக்கிச் சொல்வார், 'ஏன்' போய்விடும். மற்றவர்களின் குறையும் அவர் வடிகட்டித்தான் உங்களிடம் வரும். சில மாதங்களில் அவரே மேஸ்திரி ஆகிவிடுவார். அன்றாட வேலைக்கு வாட்ஸ்அப்பில் 20 விநாடி குரல் பதிவையும், சரியாக முடிந்த அறையின் ஒரு படத்தையும் ஒவ்வொருவருக்கும் நேரடியாக அனுப்புங்கள். சம்பளம், விடுப்பு, உடல்நலம் பற்றிய பேச்சுக்கு அவரை வைக்காமல் வெளியாள் ஒருவரைத் தொலைபேசியிலாவது வையுங்கள். எழுதிப் போடுவதானால் யார் எந்த எழுத்து வாசிப்பார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒடியா எழுத்து வேறு, இந்தி எழுத்து வேறு; வடக்கத்தியர் எல்லாருக்கும் இந்தி வாசிக்க வரும் என்று நினைத்து ஒட்டிய தாள்கள் சுவரில் சும்மா தொங்கும்.

தினமும் காலை 8.30க்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்றபடி 10 நிமிடம் பேசினால் போதும். சமையல்கட்டும் அறைப் பணியாளரும் சேர்ந்தே நிற்கட்டும். இன்று யார் வருகிறார், எத்தனை மணிக்கு, யாருக்கு எது ஆகாது. அந்த இடத்தில் யாரையும் திட்டாதீர்கள். திட்டுவதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 'டேய்' நமக்குள் பாசமாகவும் இருக்கலாம், வெளியூர்ப் பையனுக்கு அது கோபத்தோடு மட்டுமே கேட்டுப் பழகிய சொல். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

விருந்தினர் பக்கம் சிக்கல் வேறு. நாம் முடியாது என்று சொல்லத் தயங்கி "பார்க்கலாம்" என்போம். ஜெர்மானியர் அதை நம்பி 4 மணிக்குக் காருக்காக வாசலில் நிற்பார். "இன்று கார் இல்லை, நாளை 9 மணிக்கு உண்டு" என்பதே அவருக்கு மரியாதை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பலர் மறுப்பாகவே எடுத்துக்கொள்வதால், தலையாட்டலோடு வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். தூரத்தை "பக்கத்துலதான்" என்னாமல் நிமிடத்தில் சொல்லுங்கள். நேரம் 19.30 என்று எழுதினால் அவர்களுக்குக் குழப்பமில்லை. விலையில் 1,500 என்று கால்புள்ளி வைக்காதீர்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அது தசமப் புள்ளி. பந்தியில் 'போதும்' என்ற பிறகும் இரண்டாவது முறை வைப்பது நமக்கு உபசாரம், அவர்களுக்குத் தொல்லை. சாப்பாடு காரம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது சண்டை இல்லை, தகவல். அடுத்த வேளைக்குச் சமையல்கட்டுக்குப் போக வேண்டியது. ஆனால் நாட்டை வைத்து ஆளை முடிவுகட்ட வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து குலக்கோயிலுக்கு வரும் நம்மவர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். தமிழ் பேசுகிறார், சொந்தக்காரர் மாதிரி பழகுகிறார், இளையாத்தங்குடிக்கோ இரணியூருக்கோ கிளம்பும்போது எல்லாம் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுவோம். நடை சாத்தும் நேரம், உடை, திரும்பும் வண்டி மூன்றையும் பிரெஞ்சுக்காரருக்குச் சொல்வதுபோலவே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை, பீகாரின் பெரிய சூரிய வழிபாடு. பீகார்க்காரர் ஊர் போயே தீருவார். உங்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டம். முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மாசி, பங்குனியில் உள்ளூர் அக்காமாரும் கேட்பார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஆகவே யார் எப்போது போகிறார் என்பதை ஆவணி மாதமே உட்கார்ந்து பேசி, நாட்காட்டியில் அவரவர் கையால் குறிக்கச் செய்யுங்கள்.